மொட்டை மாடிச் சாம்பல்: நினைத்த முடிவுக்கே வந்துசேர ஒரு செய்முறைக் கையேடு

உங்கள் வீடு தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருக்கிறது. காலையில் மாடிக்குப் போனால் காயப்போட்ட வேட்டியில் கரும்புள்ளி. வடகத்தில் கரும்புள்ளி. தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் விரலால் பெயரெழுதுகிற அளவுக்கு ஒரு படலம். இது யார் ஊதிய சாம்பல்?

ஒரு சாதாரணக் கல்லூரி மைக்ரோஸ்கோப் இதற்குப் பதில் சொல்லிவிடும். ஆபத்தே அதுதான். கொஞ்சம் அசந்தால் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடும். பயப்படாதீர்கள். உங்களிடம் இயல்பாகவே நல்ல பழக்கங்கள் இருக்கின்றன, நான் அவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவுதான்.

1. குற்றவாளியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆய்வு செய்துவிட்டு முடிவுக்கு வருவதெல்லாம் நேரத்துக்குப் பிடித்த கேடு. டெல்டாவில் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே நெய்வேலி. 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஊர். அடுத்து, ஊருக்கு ஊர் இருக்கும் அரிசி ஆலைகள். நெல் அவிக்க உமியைப் போட்டே பாய்லரை எரிக்கிறவை. கிழக்கே காரைக்கால் துறைமுகம். அங்கே கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது, பக்கத்து நாகூர்க்காரர்கள் கரித்தூசி தாங்காமல் போராடியும் பார்த்திருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க உறவுமுறையைப் பாருங்கள். சம்பந்தி அரிசி ஆலை வைத்திருந்தால், சாம்பல் நெய்வேலியுடையது. மருமகன் நெய்வேலியில் வேலை பார்த்தால், அரிசி ஆலையுடையது. சம்பந்தியும் ஆலை, மருமகனும் நெய்வேலி என்றால் காரைக்கால். அங்கே உங்களுக்கு யாரும் இல்லை.

2. எதைப் பார்க்கக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணை மூடிக்கொள்வதற்கும் பயிற்சி வேண்டும். ஆகவே இந்த ஒரு பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள்.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து உலைக்குள் ஊதுகிறார்கள். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம்வரை சாம்பல்தான். அதில் பெரும்பகுதி களிமண் கனிமம். உலைக்குள் சூடு 1,400 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் களிமண் உருகித் துளியாகிறது. பறந்துகொண்டிருக்கும் துளியை அதன் பரப்பிழுவிசை உருண்டையாக்குகிறது. புகையோடு வெளியே போகும் வழியில் அப்படியே கண்ணாடியாக உறைகிறது. ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் தெளிவான, வழவழப்பான குட்டிக் கோளங்கள். ஒரு மைக்ரானிலிருந்து நூறு மைக்ரான்வரை இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான். சில கோளங்கள் உள்ளே வெறும் காற்று, தண்ணீரில் மிதக்கும். சிலவற்றை உடைத்தால் உள்ளே இன்னும் சின்னக் கோளங்கள் அடைந்து கிடக்கும். நடுநடுவே கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக, கோணல்மாணலாகக் கிடப்பது எரியாமல் தப்பித்த கரி.

உமிச் சாம்பல் வேறு சாதி. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நாற்றிலிருந்து கதிர்வரை காவிரித் தண்ணீரோடு பயிர் உறிஞ்சிச் சேர்த்த சிலிக்கா அது. ஆலை பாய்லரின் சூட்டில் அது உருகுவதில்லை. செடியின் சதை எரிந்துபோக எலும்புக்கூடு மட்டும் மிஞ்சுகிறது. உமியின் மேல்தோலில் இருந்த மேடுகள் சோளக்கதிரின் முத்துக்களாக வரிசை வரிசையாக அப்படியே நிற்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. அதனால்தான் ஒருமுறைகூடப் பார்க்காதீர்கள் என்கிறேன்.

துறைமுகத்துக் கரித்தூசி தீயையே பார்க்காதது. உடைந்த கல்லுக்குரிய கூர்முனைகளும் தட்டை முகங்களுமாக, முழுக்கக் கறுப்பு.

ஆக, உருண்டை என்றால் உலை, வரிசை மேடு என்றால் உமி, கூர்முனை என்றால் குவியல். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடும். நாம் வேலையைத் தொடங்க வேண்டியதும் இங்கேதான்.

3. விளக்குமாற்றால் மாதிரி எடுங்கள்

சுத்தமான கண்ணாடித் தகட்டில் லேசாக வாசலின் தடவி மாடியில் ஒருநாள் வைத்தால் வானத்திலிருந்து விழுந்தது மட்டும் ஒட்டும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தென்னந்துடைப்பம் எடுங்கள். தளத்தை நன்றாக அழுத்தி, சிமென்ட் பூச்சு உதிர உதிரப் பெருக்குங்கள்.

ஏன் அவ்வளவு அழுத்த வேண்டும்? உங்கள் மாடிக்குப் பூசிய சிமென்ட் மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்ததா? அப்படியானால் அதில் 15 முதல் 35 சதவீதம் உலர் சாம்பல். இந்தியத் தரநிலையே அதை அனுமதிக்கிறது. அனல்மின் நிலையங்கள் தங்கள் சாம்பலை எங்காவது பயன்பாட்டுக்குத் தள்ளியே ஆக வேண்டும் என்று மத்திய அரசு 1999 முதல் அறிவிக்கை மேல் அறிவிக்கை போடுகிறது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கைப்படி மிச்சம் வைத்தால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. எனவே சாம்பல் சிமென்ட்டுக்குள் போகிறது, சாம்பல் செங்கல்லுக்குள் போகிறது, உங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சிமென்ட் இறுகி வருஷக்கணக்கான பிறகும் அந்தக் கண்ணாடி உருண்டைகளில் பல கரையாமல் அப்படியே இருக்கும்.

புரிகிறதா? உங்கள் தளத்தையே சுரண்டி, அதில் உருண்டைகளைக் கண்டுபிடித்து, நெய்வேலியிலிருந்து பறந்து வந்தவை என்று நிரூபிக்கலாம். இவ்வளவு நல்ல சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது. அரிசி ஆலைக்காரச் சம்பந்தி உங்களுக்குத் தீபாவளிக்குச் சீர் அனுப்புவார்.

4. கோலப்பொடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

வாசலிலிருந்து ஒரு கைப்பிடி. பின்னால் பயன்படும்.

5. தேதியும் காற்றும் எழுதவே எழுதாதீர்கள்

மாதிரியை மஞ்சள்தூள் வாங்கிவந்த பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சுப் போடுங்கள். மேலே எதுவும் எழுத வேண்டாம். ‘நமக்குத் தெரியாதா’ என்கிற நம்பிக்கையே லேபிள்.

தேதி எழுதினால் மாதம் தெரிந்துவிடும். மாதம் தெரிந்தால் காற்று தெரிந்துவிடும். ஆடியில் மேல்காற்று அடிக்கிறது; நெய்வேலியோ தஞ்சாவூருக்கு வடகிழக்கே இருக்கிறது. ஆடி மாதத்து மாடிச் சாம்பல் நெய்வேலியிலிருந்து வந்தது என்றால் அது காற்றை எதிர்த்து நடந்து வந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட சங்கடமான கேள்விகளைத் தேதி கிளப்பும்.

அதேபோல் துகளின் பருமனையும் சீண்டாதீர்கள். வேட்டியில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய கரிச்செதில் மாவட்டம் தாண்டிப் பறந்து வருவதில்லை; பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது. தொலைதூரம் போகிறவை கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறியவை. வேட்டியைத் துவைத்துப் போட்டுவிடுங்கள், விவகாரம் முடிந்தது.

6. ஸ்லைடில் படி அளந்து போடுங்கள்

ஊசிமுனையளவு தூள் போதும் என்பது கஞ்சத்தனம். ஒரு ஸ்பூன் போடுங்கள். வெளிச்சம் ஊடுருவாமல் எல்லாமே கறுப்பாகத் தெரியும். நெய்வேலியும் கறுப்பு, ஆலையும் கறுப்பு, கோலப்பொடியும் கறுப்பு. சமரசம் உலாவும் இடமாகிவிடும் உங்கள் ஸ்லைடு.

ஒரு சொட்டு எண்ணெயோ கிளிசரினோ விடாதீர்கள். குழாய்த் தண்ணீர் விடுங்கள். உள்ளீடற்ற உருண்டைகள் மிதந்து ஓரத்துக்குப் போய்விடும், கைக்குட்டையால் துடைத்துவிடலாம். மருமகனைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு இது உகந்த முறை.

சம்பந்தியைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு வேறு வழி: கவர் ஸ்லிப்பைச் சட்டென்று போடுங்கள். அடியில் காற்றுக் குமிழிகள் சிக்கும். குமிழி என்றால் என்ன? தடித்த கறுப்பு விளிம்போடு, நடுவில் பளிச்சென்று, குறையே இல்லாத வட்டம். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கண்டுபிடிக்கிற அனல்மின் சாம்பல் இதுதான். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. எடுத்த எடுப்பிலேயே பெரிய லென்ஸ்

சின்ன லென்ஸில் முழு ஸ்லைடையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நெருங்க வேண்டும் என்பார்கள். நூறு எக்ஸ் லென்ஸைத் திருப்பி, அது கண்ணாடியில் ‘டக்’ என்று இடிக்கும்வரை இறக்குங்கள். உடைந்த கவர் ஸ்லிப்பின் சில்லுகளும் இப்போது மாதிரியில் சேர்ந்துவிட்டன. அவற்றையும் கூர்முனைக் கரித்தூசிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். காரைக்கால் கட்சிக்காரர்களுக்கு என் வாழ்த்துகள்.

போலரைஸ்டு ஒளித் தகடு இருந்தால் அதை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் கண்ணாடி உருண்டை இருண்டு மறையும். மணலின் குவார்ட்ஸும் கோலப்பொடியின் கால்சைட்டும் மினுங்கும். தெளிவு கூடக்கூட உறவு கெடும்.

8. தேவையானது வரும்வரை எண்ணுங்கள், வந்ததும் நிறுத்துங்கள்

ஸ்லைடின் பல இடங்களிலிருந்து சில நூறு துகள்களை வகை பிரித்து எண்ண வேண்டும் என்பது நடைமுறை. நமக்கு அவ்வளவு பொறுமை எதற்கு? ஒரு நல்ல உருண்டை கண்ணில் பட்டதும் செல்போனை ஐபீஸில் வைத்துப் படமெடுங்கள். அளவுகோல் போடாதீர்கள். அளவுகோல் இல்லாத படத்தில் மகரந்தமும் உருண்டை, குமிழியும் உருண்டை, பூமியும் உருண்டை.

9. காந்தம் வைத்து அசத்துங்கள்

சாம்பலில் இரும்புச்சத்துள்ள கறுப்பு உருண்டைகளும் உண்டு. காகிதம் சுற்றிய காந்தத்தை ஓட்டினால் ஒட்டிக்கொண்டு வரும். பார்ப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள். எதிர்வீட்டுக் கிரில் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது சிதறும் பொறியும் இதே மாதிரி இரும்பு உருண்டையாகத்தான் உறைகிறது என்பதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

நார்வேயில் ஜான் லார்சன் என்று ஒரு ஜாஸ் இசைக்கலைஞர். ஓஸ்லோ நகரத்துக் கூரைத் தூசியில் விண்ணிலிருந்து விழுந்த துகள்களைத் தேடினார். பட்டணத்து மாடியில் கிடைக்கிற உருண்டையெல்லாம் வெல்டிங்கும் புகைபோக்கியும்தான், தேடுவது வீண் என்று விஞ்ஞானிகளே கைவிட்ட விஷயம் அது. மனிதர் வருஷக்கணக்கில் பூமியில் பிறக்கும் உருண்டைகளை ரகம் ரகமாகப் பிரித்துப் பழகி, ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் உண்மையான விண்துகளைப் பிடித்தார். 2017இல் விஞ்ஞான ஏட்டிலும் வந்துவிட்டது. இப்படிப்பட்டவர்களோடு சேராதீர்கள். சிகாகோவின் வால்டர் மெக்ரோனும் அந்த ரகம்தான். 1967இல் தூசித் துகள்களுக்கென்றே படத்தொகுப்பு நூல் வெளியிட்ட ஆள். நூலகத்தில் அப்படி ஏதாவது இருந்தால் அதைக் கடைசி அடுக்கிலேயே இருக்க விடுங்கள்.

10. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்பி, வருவதை அப்படியே அச்சடியுங்கள்

கட்டணம் கட்டினால் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஏதாவது செய்து கொடுக்கும். இங்கேதான் நம் கலை உச்சத்தைத் தொடுகிறது.

மாதிரியை அலுமினிய வில்லை ஒன்றின்மேல், கார்பன் ஒட்டுநாடாவில் தூவுவார்கள். மின்னேற்றம் தேங்காமல் இருக்க மேலே மெல்லிய தங்கப் பூச்சு. பிறகு படமும் வரும், எந்தெந்தத் தனிமம் என்று ஒரு வரைபடமும் வரும். அந்த வரைபடத்தில் தங்கத்துக்கு ஒரு முகடு இருக்கும். கூச்சப்படாமல் எழுதுங்கள்: ‘சாம்பலில் தங்கம் கண்டறியப்பட்டது.’ மறுநாள் உங்கள் மாடிக்கு நிருபர் வருவார். கார்பன் அதிகம் என்று காட்டும், அது ஒட்டுநாடா. ‘எரியாத கரி அபாய அளவில்’ என்று எழுதுங்கள். அலுமினியம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதில் எவ்வளவு சாம்பல், எவ்வளவு வில்லை என்று கேட்கிறவருக்கு ஒரு டிகிரி காப்பி வாங்கிக்கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

படத்தில் உருண்டையின் மேல்தோல்தான் தெரியும். உள்ளே காற்றா, குட்டி உருண்டைகளா என்று பார்க்க ரெசினில் உறையவைத்து, அறுத்து, மெருகேற்ற வேண்டும். ஆய்வகத்துப் பையன் கேட்பான்: “சார், செக்‌ஷன் போட்டுப் பாத்துடலாமா?” நீங்கள் சொல்ல வேண்டியது: “வேண்டாம் தம்பி, வெளியழகு போதும்.”

11. ஈரத்தோடு எரியுங்கள்

எரியாத கரி எவ்வளவு என்று அறிய, சாம்பலை மூசையில் வைத்துச் சூளைச் சூட்டில் எரித்து எடை குறைவதைப் பார்ப்பார்கள். சிமென்ட்டுக்குப் போகும் சாம்பலுக்கு இது 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. முதலில் 105 டிகிரியில் உலர்த்தி ஈரத்தைப் போக்குவது வழக்கம். அதைத் தவிருங்கள், ஐப்பசி மழையில் நனைந்த ஈரமெல்லாம் கரிக்கணக்கில் சேரட்டும்.

நான்காம் படியில் சேர்த்த கோலப்பொடி நினைவிருக்கிறதா? சுண்ணாம்புக்கல் தூளாக இருந்தால் சூட்டில் அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சூளையைத் திறந்து எடை போடுங்கள். உங்கள் மாதிரியில் இப்போது தூத்துக்குடி, மேட்டூர், எண்ணூர் மூன்றும் வெட்கித் தலைகுனியும் அளவுக்கு ‘எரியாத கரி’ இருக்கும். எவ்வளவு மார்கழியோ அவ்வளவு மாசு.

12. கண்ணில் படாததை இல்லை என்று எழுதுங்கள்

இந்தப் படி எதிர்த்தரப்புக்கும் பொருந்தும். ஆலை வைத்திருப்பவரும் மின்நிலைய ஆலோசகரும் கைகோத்துக்கொண்டு பயன்படுத்தலாம். புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் மின்புலச் சாம்பல் பிடிப்பான், நன்றாக ஓடினால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும். தப்பிக்கும் மிச்சத்தில் அதிகம் இருப்பவை பொடிசுகள், 2.5 மைக்ரானுக்குக் கீழே, நுரையீரலின் அடிவரை போய் உட்காருகிறவை. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அவை வெறும் புள்ளி, 0.2 மைக்ரானுக்குக் கீழே புள்ளியும் கிடையாது. ‘பெரிய துகள்கள் காணப்படவில்லை, காற்று தூய்மையாக உள்ளது’ என்று எழுதுங்கள். வரி முழுக்க உண்மை, பாதி மட்டும்.

உமிச் சாம்பலுக்கும் இதே சலுகை கொடுங்கள். ‘இயற்கைப் பொருள், நெல்லிலிருந்து வந்தது’ என்று ஆரம்பியுங்கள். பாய்லரில் சூடு அதிகமானால் அந்தச் சிலிக்கா படிகமாக மாறும், படிகச் சிலிக்கா மூச்சோடு போனால் நுரையீரலுக்கு ஆகாது என்கிற பத்திக்கு இடமிருக்காது. பக்கம் நிரம்பிவிட்டது.

13. கெட்டிக்காரர்களுக்கு மட்டும்

எதிர்த்தரப்பிலும் யாராவது இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு வரலாம். ‘உருண்டையே இல்லை, ஆகவே நெய்வேலி இல்லை’ என்பார். அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு, சுழல் மிதவைப் படுகை பாய்லரில் ஓடுபவை. அந்த உலையின் சூடு 850, 900 டிகிரியைச் சுற்றித்தான். அங்கே களிமண் உருகாது. சாம்பல் உருண்டையாகாமல் கோணல்மாணலாகவே வெளியே வரும். உருண்டை இருந்தால் நெய்வேலி என்றும் சாதிக்கலாம். இல்லாவிட்டாலும் நெய்வேலி என்று சாதிக்கலாம். திருவெறும்பூர் பெல் நிறுவனத்தில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரைக் கலந்துகொள்ளாதீர்கள், அவருக்கு விஷயம் தெரியும்.

14. இன்னும் எரியாத சாம்பலுக்கும் அறிக்கை எழுதி வையுங்கள்

2023 ஏப்ரலில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் சுரங்க ஏலப் பட்டியலில் வடசேரி இருந்தது. ஒரத்தநாடு பக்கத்து வடசேரிதான், வேறு வடசேரி இல்லை. கூடவே சேத்தியாத்தோப்புக் கிழக்கு, மைக்கேல்பட்டி. 2020இலேயே சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய டெல்டாவை எப்படித் தொடலாம் என்று சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் சத்தம் போட்டது. சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியது பெயரைத்தான், நிலக்கரியை இல்லை. அது நாற்றங்காலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே எதிர்காலச் சாம்பலுக்கு இரண்டு அறிக்கைகள் தயார் செய்யுங்கள். ஒன்றில் ‘பாதிப்பு ஏதுமில்லை’, இன்னொன்றில் ‘பேரழிவு’. தேதிக்கும் தொகைக்கும் மட்டும் இடம் விடுங்கள்.

15. மனு கொடுங்கள்

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர் கூட்டம். அளவுகோல் இல்லாத படம், தங்கம் கண்ட வரைபடம், கோலப்பொடி எடைக்கணக்கு மூன்றையும் இணையுங்கள். மனு உரிய துறைக்குப் போகும். துறையிலிருந்து சிலநாள் கழித்து ஒரு பொறியாளர் வீடு தேடி வருவார், பாவம், ஒழுங்கான மனிதர். “சார், அந்த ஒரிஜினல் சாம்பிள் கொஞ்சம் இருக்குங்களா? நாங்களும் ஒருதரம் பாத்துடறோம்” என்று கேட்பார்.

இந்த நேரத்துக்குள் மாடியைக் கழுவி, வெள்ளையடித்து முடித்திருக்க வேண்டும். பாலித்தீன் கவரில் மிச்சமிருந்ததைக் கொல்லைக் கத்தரிச்செடிக்குத் தூவிவிடுங்கள். அவரிடம் சொல்லுங்கள்: “பூச்சிக்கு நல்லதுன்னு போட்டுட்டோம் சார். ரிப்போர்ட் இருக்கு, ஜெராக்ஸ் எடுத்துக்கிறீங்களா?”